டிவியில் பார்த்த மாத்திரையை டாக்டரிடம் கேட்கலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 64, ஊர் பாளையங்கோட்டை. மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போய்ச் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே சாயங்காலம் செய்தி போட்டால் இடையிடையே மருந்து விளம்பரம்தான். மூட்டுவலிக்கு ரின்வோக் என்று ஒரு மாத்திரையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் சிரித்த முகமாக ஓடியாடுகிறார்கள். "உங்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்று முடிகிறது. எனக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்றார்கள். ஊர் திரும்பியதும் எங்கள் டாக்டரிடம் அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "டிவி பார்த்துட்டு வந்து மருந்து கேட்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லியே வளர்த்த எனக்கு மனசு சுருக்கென்றது. அங்கே பக்கவிளைவு வரை டிவியிலேயே சொல்கிறார்கள். நம் நாட்டில் மட்டும் ஏன் மூடி வைக்கிறார்கள்? நோயாளி தெரிந்துகொள்ளக் கூடாதா? நான் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், சுகருக்கு மெட்ஃபார்மின், ராத்திரி கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். கால்வலி தாங்காத அன்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. உங்கள் மருத்துவர் ஒரு நிமிடம் ஒதுக்கி, "அது வேறு நோய்க்கான மருந்தும்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். வயது, உடல் எடை, பழைய காயம் என்று பல காரணங்களால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து வரும் வலி. ரின்வோக் முடக்குவாதத்துக்கான மருந்து. நம் பக்கம் சரவாங்கி என்பார்கள். அதில் உடலின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குகிறது. விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்தால் வெகுநேரம் கை மடங்காது. அந்த எதிர்ப்பு சக்தியை அடக்குவதுதான் ரின்வோக்கின் வேலை. தேய்ந்த குருத்தெலும்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முடக்குவாதம் உள்ளவர்களுக்குமே வேறொரு வகை மருந்து பலன் தராவிட்டால் அல்லது ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் இதைத் தர வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வைத்திருக்கும் நிபந்தனை. 2021-ல் முடக்குவாதம் போன்ற நோய்களுக்குத் தரும் இந்த வகை மாத்திரைகளின் மீது மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், ரத்தக்கட்டு பற்றிய கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னதும் அதே அமைப்புதான். எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளவும் கூடும். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கும் நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இதை எல்லாம் அந்த விளம்பரம் மறைக்கவில்லை. வயது 50-ஐத் தாண்டி, இதயநோய் வரச் சாத்தியமுள்ள காரணம் ஒன்றாவது இருந்தால் ஆபத்து அதிகம் என்று அதிலேயே ஒரு குரல் சொல்கிறது. உங்களுக்கு 64 வயது. சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது. அந்த வாக்கியம் உங்களை நோக்கியே சொன்னது. ஆனால் உங்கள் கடிதத்தில் மருந்தின் பெயர் இருக்கிறது, சிரித்த முகங்கள் இருக்கின்றன. அந்த வாக்கியம் இல்லை. இதை உங்கள் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அளந்தவர் நீங்கள். உங்கள் கண்ணுக்கே அது தப்பிப் போனதென்றால், விளம்பரம் எடுக்கப்பட்ட விதம் அப்படி. மரணம், மாரடைப்பு என்று குரல் அடுக்கிக்கொண்டே போகும். திரையில் அப்போது ஒருவர் பேரனோடு பந்து விளையாடிக்கொண்டிருப்பார். காதும் கண்ணும் இரண்டு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் கண்தான் ஜெயிக்கும். இதை எஃப்டிஏவும் உணர்ந்துதான் 2023 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது: ஆபத்துகளைச் சொல்லும்போது கவனத்தைக் கலைக்கும் காட்சியோ இசையோ கூடாது, எளிய சொற்களில், குரலிலும் எழுத்திலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். டிவி விளம்பரம் பரவலாகிக் கால் நூற்றாண்டு கழித்து வந்த விதி அது.

அங்கேயும் இது ஆதியிலிருந்தே இருந்த வழக்கம் இல்லை. 1983-ல் பூட்ஸ் நிறுவனம் ரூஃபென் என்ற பெயரில் விற்ற இபுப்ரோஃபென் வலி மாத்திரையை முதன்முதலாக டிவியில் விளம்பரம் செய்தது. அதே மருந்தை மோட்ரின் என்ற பெயரில் விற்கும் மாத்திரையைவிட இது விலை குறைவு என்பதே அதன் சாரம். எஃப்டிஏ உடனே தலையிட்டது. கொஞ்ச காலம் இப்படிப்பட்ட விளம்பரமே வேண்டாம் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 1997-ல்தான் கதவு அகலமாகத் திறந்தது. அதுவரை ஒரு மருந்தின் பெயரையும் அது எதற்கென்பதையும் சேர்த்துச் சொன்னால், அதன் ஆபத்துகள் அனைத்தையும் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். முப்பது விநாடி விளம்பரத்தில் அது நடக்காது. முக்கியமான ஆபத்துகளை மட்டும் சொல்லி, மீதியைத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி எண்ணோ இணைய முகவரியோ காட்டினால் போதும் என்று 1997-ல் தளர்த்தினார்கள். மருந்துச் சீட்டில் எழுதித் தரும் மருந்துகளுக்காகப் பொதுமக்களிடம் செய்த விளம்பரச் செலவு அந்த ஆண்டில் சுமார் 130 கோடி டாலர். 2016-ல் அது 600 கோடி டாலர். அமெரிக்காவைத் தவிர இதை இந்த அளவுக்கு அனுமதிக்கும் நாடு நியூசிலாந்து மட்டும்தான். ஐரோப்பாவில் எய்ட்ஸ், ஆஸ்துமா, சர்க்கரை நோய் மூன்றுக்கும் மட்டுமாவது கொஞ்சம் தளர்த்திப் பார்ப்போம் என்று வந்த யோசனையை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2002-ல் நிராகரித்துவிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கமே 2015-ல் இந்த விளம்பரங்களைத் தடை செய்யக் கோரியது.

"தெரிந்துகொள்வது நல்லதுதானே?" என்கிறீர்கள். நல்லதுதான், அம்மா. என் கேள்வி, விளம்பரம் எதைத் தெரிவிக்கிறது என்பது. நீங்கள் ராத்திரி போடும் அடோர்வாஸ்டாட்டினையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதை லிப்பிட்டார் என்ற பெயரில் ஃபைசர் நிறுவனம் விற்றது. நல்ல மருந்து, நானே தினமும் எழுதித் தருகிறேன். அதன் செய்தித்தாள் விளம்பரத்தில், மாரடைப்பு ஆபத்தை 36 சதவீதம் குறைக்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில் அதன் விளக்கம்: ஒரு பெரிய ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும், லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கும் மாரடைப்பு வந்தது. இரண்டும் ஒரே ஆய்வின் கணக்கு, இரண்டும் உண்மை. ஆனால் பெரிய எழுத்தைப் படித்தவர், இந்த மாத்திரை இல்லாவிட்டால் மூன்றில் ஒருவர் சாய்ந்துவிடுவார் என்று நினைப்பார். பொடி எழுத்தைப் படித்தவருக்கு, நூறு பேர் சில வருடம் சாப்பிட்டால் ஒருவருக்கு வரவிருந்த மாரடைப்பு வராமல் போகும் என்பது புரியும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும், சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவருக்கும் இந்தக் கணக்கு மாறும், பலன் கூடும். அதனால் நீங்கள் உங்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். "நூறு பேர் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு நன்மை?" என்று கேட்கும் பழக்கம் மட்டும் வரட்டும்.

அதே மாத்திரைக்கு டிவியில் வந்து பேசியவர் செயற்கை இதயத்தால் புகழ்பெற்ற ராபர்ட் ஜார்விக். மருத்துவர் போலவே அறிவுரை சொன்னார். அவருக்கு மருத்துவப் பட்டம் உண்டு. நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் உரிமம் கிடையாது. விளம்பரத்தில் ஏரியில் துடுப்புப் படகை வலிப்பவரும் அவர் இல்லை, அவருக்குப் பதிலாக நடித்த வேறொருவர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கத் தொடங்கியதும், 2008 பிப்ரவரியில் ஃபைசர் அந்த விளம்பரங்களை நிறுத்திக்கொண்டது.

உங்கள் முழங்கால் வலிக்கு நேரடியாகத் தொடர்புள்ள கதை வயாக்ஸ். 1999-ல் மெர்க் நிறுவனம் மூட்டுத் தேய்மான வலிக்காகக் கொண்டுவந்த ரோஃபிகாக்சிப் மாத்திரை அது. பழைய வலி மாத்திரைகளைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கும் என்பதில்லை. வயிற்றில் புண் வரும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். வயிற்றுப்புண் வந்து ரத்தம் கசிந்த ஒரு சிலருக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரு மாத்திரையைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய சுமார் 16 கோடி டாலர் செலவிட்டார்கள். அந்த ஆண்டு பெப்சிக்கு ஆன விளம்பரச் செலவைவிட இது அதிகம். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பனிச்சறுக்கு நடன வீராங்கனை டாரத்தி ஹாமில் அதற்காகத் திரையில் வந்தார். வயிற்றில் எந்தப் பிரச்சினையும் இல்லாத லட்சக்கணக்கானவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். அது இதயத்தைப் பாதிக்கிறது என்ற அறிகுறி 2000-லேயே ஓர் ஆய்வில் தெரிந்தது. 2004 செப்டம்பர் 30-ல்தான் மெர்க் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அமெரிக்காவில் கூடுதலாக 88,000 முதல் 1,40,000 பேர் வரை கடுமையான இதயநோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்று எஃப்டிஏவிலேயே பணியாற்றிய டேவிட் கிரகாமும் மற்றவர்களும் கணித்தார்கள். இந்தியாவும் அதே ஆண்டு டிசம்பரில் ரோஃபிகாக்சிபைத் தடை செய்தது.

எந்தப் புது மருந்தும் சில ஆயிரம் பேரிடம் சோதித்த பிறகே கடைக்கு வருகிறது. அபூர்வமான ஆபத்துகள் பல லட்சம் பேர் சாப்பிட்ட பிறகுதான் கண்ணில் படும். அதனால் புது மருந்து மெல்லப் பரவுவதே நல்லது. முதலில் அவசியம் உள்ளவருக்கு, பிறகு அடுத்தவருக்கு என்று. விளம்பரம் இதைத் தலைகீழாக்குகிறது. மருந்து புதிதாக இருக்கும்போதுதான், காப்புரிமை இருந்து விலையும் உச்சத்தில் இருக்கும்போதுதான், விளம்பரத்துக்குப் பணம் கொட்டும். இருபது வருடம் பழகி, நல்லது கெட்டது எல்லாம் தெரிந்த மலிவு மாத்திரைக்கு யாரும் டிவியில் ஒரு விநாடி வாங்குவதில்லை. இந்த விளம்பரங்கள் மீது எனக்குள்ள பெரிய ஆட்சேபமே இதுதான்.

ஆனாலும் நோயாளி வாய் திறந்து கேட்பதில் நன்மை உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2005-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு. நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் 152 மருத்துவர்களிடம் போனார்கள். ஒரு பகுதியினர் உண்மையான மனச்சோர்வு நோயின் அறிகுறிகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் வேலை போன வருத்தம் போல, மாத்திரை அவசியப்படாத நிலையைச் சொன்னார்கள். இரண்டு பகுதியினரிலும் சிலர், விளம்பரத்தில் பார்த்த பாக்சில் என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். சிலர், டிவியில் மனச்சோர்வு பற்றிய நிகழ்ச்சி பார்த்தேன், எனக்கு ஏதாவது மருந்து உதவுமா என்று பொதுவாகக் கேட்டார்கள். மற்றவர்கள் மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை.

முதலில் நோய் உள்ளவர்கள். எதுவும் கேட்காதவர்களில் 31 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மருந்து கிடைத்தது. பொதுவாகக் கேட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு. பெயர் சொல்லிக் கேட்டவர்களில் 53 சதவீதம். அடுத்து, மருந்து தேவைப்படாதவர்கள். கேட்காதவர்களில் 10 சதவீதம் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெயர் சொல்லிக் கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு! மருந்தின் பெயரைச் சொன்னவுடன் நோய் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஏறக்குறைய ஒரே சீட்டு கிடைத்தது. பெயர் இல்லாமல், தன் தொல்லையைச் சொல்லி வழி கேட்டவருக்குத்தான் தேவையான சிகிச்சை அதிகம் கிடைத்தது. எத்தனையோ முறை இந்த எண்களை மாணவர்களிடம் எழுதிக் காட்டியிருக்கிறேன். உங்களிடமும் நான் சொல்ல வருவது இதைத்தான். கேளுங்கள், விடாமல் கேளுங்கள். மருந்தின் பெயரை மட்டும் டாக்டர் வாயிலிருந்து வரவிடுங்கள்.

இனி நம் நாடு. இங்கே ரகசியம் காக்கிறார்கள் என்பது சரியில்லை. சர்க்கரை, புற்றுநோய், இதயநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் என்று 54 நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் மருந்துகளை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2015-ல் மருந்து விதிகளிலும் சேர்த்தார்கள். மருந்தின் விவரம் வேண்டுமானால் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கிறது, மருந்தாளுநரிடம் இருக்கிறது, மருத்துவரிடமும் கேட்கலாம். விற்பவர் தன் செலவில் உங்கள் வரவேற்பறைக்கு வந்து சொல்வதைத்தான் சட்டம் தடுக்கிறது. அது சரி என்பதே என் கருத்து.

சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயை வேரோடு அறுப்பதாகச் சொல்லும் லேகியங்களும் சூரணங்களும் உள்ளூர் டிவியில் இன்னும் வருகின்றன. உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் பதஞ்சலி நிறுவனம் 2024-ல் செய்தித்தாள்களில் மன்னிப்பு வெளியிட்டது. மருந்தின் பெயரே சொல்லாமல் நோயை மட்டும் பேசும் விளம்பரம் இன்னொரு வகை. மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கு வந்தன. "உடல் பருமன் ஒரு நோய், மருத்துவரிடம் பேசுங்கள்" என்று யாராவது பக்கம் பக்கமாகச் சொன்னால், பேச்சு உண்மைதான். பணம் கொடுத்தது யார் என்று கீழே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விளம்பரம் உங்களிடம் வரவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. எங்கள் அறைக்கு வருகிறது. அமெரிக்காவிலேயே 2016-ல் மருத்துவத் துறை விளம்பரத்துக்குச் செலவான சுமார் 2,990 கோடி டாலரில் 2,000 கோடிக்கு மேல் மருத்துவர்களையும் மற்ற மருத்துவப் பணியாளர்களையும் குறிவைத்ததுதான். இங்கே மெடிக்கல் ரெப்கள் எங்கள் வாசலில் காத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மருத்துவர்களுக்குப் பரிசு, சுற்றுலாச் செலவு எதுவும் தரக் கூடாது என்று 2024 மார்ச்சில் ஒரு நடத்தை நெறி வந்தது. புகாரை விசாரிப்பது நிறுவனங்களின் சங்கங்களே அமைக்கும் குழு என்பதால் அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆகவே "ஏன் டாக்டர் இந்த மாத்திரை, இதே மருந்து மலிவாகக் கிடைக்குமா?" என்று எங்களைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ரின்வோக் இல்லை. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த டைக்ளோஃபெனாக். அதுவும் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய மருந்து. கடைக்காரர் கேட்காமல் தருகிறார். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அது கெடுதல். டெல்மிசார்ட்டனோடு சேரும்போது சிறுநீரகம் திடீரென்று தளரும் வாய்ப்பு இன்னும் கூடும். ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்துக்கும் ஆகாது. இன்றே நிறுத்திவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும் வரை வலி கூடினால், கல்லீரல் கோளாறு இல்லாத பட்சத்தில், பாராசிட்டமால் போடலாம். முழங்காலில் தடவும் ஜெல் பற்றி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது இப்படித் தொடங்குங்கள்: "டாக்டர், மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இதுவரை மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். என் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு ஒத்துப்போகிற மாதிரி இதற்கு என்ன செய்யலாம்?" தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது பெரிய உதவி. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் பரிசோதனைகளான ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் சமீபத்தில் பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்த டைக்ளோஃபெனாக் அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். அப்போதும் அவர் அடுத்தவரைக் கூப்பிட்டால், வேறு மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.